தாளத்தை வரைதல்: 9-ஆம் வகுப்புக்கு இசையையும் ஓவியத்தையும் இணைக்கும் பத்துப் பாடவேளைச் செயல்பாடு – முழுமையான வழிகாட்டி

எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கு இசையோ ஓவியமோ கற்பிக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்துப் பாடவேளையின் முடிவில் கிடைக்க வேண்டியது இதுதான்: ஐந்தாறு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவும் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்துக்கு (ஒரு முழுச் சுற்றுக்கு) பொருந்தும் சொற்கட்டு ஒன்றை, அதாவது ‘தகதிமி’ போன்ற தாளச் சொற்களின் கோவை ஒன்றைத் தானே அமைக்க வேண்டும், அதை எழுத்தே இல்லாமல், வடிவங்களால் மட்டும், நீளமான தாள்பட்டை ஒன்றில் வரைய வேண்டும், அந்தச் சொற்கட்டை அதுவரை கேட்டிராத இன்னொரு குழு அந்தப் பட்டையைப் பார்த்தே வாசித்துக் காட்ட வேண்டும்.

இதில் புதிதாக இறங்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் முதல் நாளே சார்ட் தாளையும் வண்ணங்களையும் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் அழகான படங்களை வரைந்துவிடுகிறார்கள். ஆனால் அவற்றை வாசிக்கச் சொன்னால் வரைந்தவர்களுக்கே வாசிக்கத் தெரிவதில்லை. கை, வாய், தரை, தாள் என்பதே இந்தச் செயல்பாட்டின் வரிசை. வாயில் வந்து நிலைத்த பிறகே எதுவும் தாளுக்குப் போக வேண்டும். கீழே உள்ள படிகளை நேரமின்மை கருதிச் சுருக்கலாம். இடம் மாற்றக் கூடாது.

1. தொடங்கும் முன்

40 மாணவர்கள் உள்ள வகுப்புக்கு ஏழு குழுக்கள் வரும். கடைகளில் கிடைக்கும் சார்ட் தாள் ஏறத்தாழ 71 செ.மீ. நீளமும் 56 செ.மீ. அகலமும் உடையது. அதை நீளவாக்கில் நான்காக வெட்டினால் 14 செ.மீ. உயரமுள்ள நான்கு பட்டைகள் கிடைக்கும். ஆகவே இரண்டு தாள்கள் போதும். பிழையாகிப்போவதற்கென்று இன்னும் ஒன்று வாங்கி வையுங்கள்.

இவற்றோடு கட்டம் போட்ட கணக்கு நோட்டு, 30 செ.மீ. அடிக்கோல், கறுப்பு மார்க்கர், ஏதேனும் இரண்டு நிற ஸ்கெட்ச் பேனா, இரண்டு நிறச் சாக்பீஸ், விநாடி முள் உள்ள கடிகாரம் ஆகியவை வேண்டும். வாசிப்பதற்கு இரண்டு பிளாஸ்டிக் வாளிகளும் நான்கு கொட்டாங்கச்சிகளும் ஒரு ஜால்ராவும் போதுமானவை. மிருதங்கமோ பறையோ வாசிக்கத் தெரிந்த மாணவர் ஒருவர் இருந்தாலும் ஏழாம் பாடவேளை வரை கருவியைக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். கருவி வந்தவுடன் மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள்.

இடத்தை முன்கூட்டியே பேசி வைப்பது மிக முக்கியம். நாற்பது பேர் ஒன்றாகக் கை தட்டினால் அடுத்த வகுப்பில் பாடம் நடக்காது. மரத்தடியோ மேடையோ வராந்தாவின் கோடியோ கிடைக்குமா என்று தலைமையாசிரியரிடமும் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாம் பாடவேளைக்குச் சிமெண்ட் தரையோ பெருக்கித் தெளித்த மண் தரையோ கட்டாயம் வேண்டும்.

இசை படிக்காத ஓவிய ஆசிரியரும் இதை நடத்தலாம். சுருதி, இராகம் எதுவும் இங்கே தேவைப்படாது; எண்ணத் தெரிந்தால் போதும். ஆனால் வகுப்புக்குப் போகும் முன் இரண்டாம், மூன்றாம் படிகளில் உள்ளவற்றைத் தனியாக அமர்ந்து, தடுமாற்றம் இல்லாமல் நான்கு முறை தொடர்ந்து செய்ய உங்களுக்கு வர வேண்டும். உங்கள் கை ஒருமுறை தயங்கினால் நாற்பது கைகளும் தயங்கும்.

2. கையில் தாளம் (முதல் பாடவேளை)

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. முதலில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மூன்று விரல் எண்ணிக்கை. அதன்பின் தட்டு, வீச்சு. மீண்டும் தட்டு, வீச்சு. நான்கு, இரண்டு, இரண்டு என்று அது பிரிகிறது என்பதை மாணவர்கள் உணர்ந்தால் போதும். லகு (அந்த நான்கு), திருதம் (அந்த இரண்டு) என்ற பெயர்களை இரண்டாம் நாள் சொல்லிக்கொள்ளலாம்.

இந்தப் பாடவேளை முழுவதும் வாயில் எண்கள் மட்டுமே வர வேண்டும். சொற்கட்டு எதையும் சொல்லித்தர வேண்டாம். கை தானாக ஓடும் நிலைக்கு வரும் முன் வாய்க்கு வேலை கொடுத்தால், கை வாயைப் பின்தொடரத் தொடங்கிவிடும். பிறகு அந்தப் பழக்கத்தை மாற்ற இரண்டு வாரம் பிடிக்கும்.

வேகத்தை நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஓர் ஆவர்த்தனம் 8 விநாடி; நான்கு ஆவர்த்தனம் 32 விநாடி. இந்த 32 என்ற எண்தான் கடைசி நாள் வரை உங்களுடைய அளவுகோல். ஒரு மாணவரைக் கடிகாரத்தின் பக்கத்தில் நிறுத்துங்கள். நான்கு ஆவர்த்தனம் 27 விநாடியில் முடிந்துவிட்டால் வகுப்பு ஓடியிருக்கிறது என்று பொருள். ‘வேகமாகப் போகிறீர்கள்’ என்று ஆசிரியர் பத்து முறை சொல்வதைவிட, ஒரு மாணவர் கடிகாரத்தைப் பார்த்து ‘இருபத்தேழு’ என்று ஒருமுறை சொல்வது நன்றாக வேலை செய்கிறது.

இங்கே நிகழும் பொதுவான பிழை விரல்களில்தான். பலர் கட்டைவிரலிலிருந்தோ ஆள்காட்டி விரலிலிருந்தோ தொடங்குவார்கள். அதை உடனே திருத்திவிடுங்கள். சுண்டுவிரலில் தொடங்கி உள்நோக்கி வந்தால்தான், லகுவில் எங்கே இருக்கிறோம் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டும் அறிய முடியும். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் இடக்கையிலேயே போடட்டும்.

3. மாத்திரையும் மூன்று காலமும் (இரண்டாம் பாடவேளை)

தமிழ் வகுப்பில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று மாணவர்கள் படித்திருக்கிறார்கள். அதையே இங்கே எடுத்துக்கொள்ளலாம். ‘த’ ஒரு கட்டம், ‘தா’ இரண்டு கட்டம். ‘தொம்’ என்பதில் வரும் மெய்யெழுத்துக்கு மட்டும் தனி அளவு இல்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள்; கவனமாகப் படிக்கும் பிள்ளை ஒருத்தி ‘தொம் ஒன்றரை மாத்திரை ஆயிற்றே’ என்று கட்டாயம் கேட்பாள்.

‘தக திமி தக ஜுணு’ என்பதில் எட்டு எழுத்துகள் உள்ளன. ஓர் எண்ணிக்கைக்கு ஓர் எழுத்தாகச் சொன்னால் ஓர் ஆவர்த்தனத்தில் ஒருமுறை வரும், இது முதற்காலம். எண்ணிக்கைக்கு இரண்டு எழுத்தாகச் சொன்னால் இருமுறை. நான்காகச் சொன்னால் நான்கு முறை. மூன்றாம் காலத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை ஆகிறது. பின்னால் நாம் வரையப்போகும் பட்டையில் உள்ள 32 கட்டங்கள் இவைதான்.

காலம் கூடும்போது கையும் வேகமெடுப்பது எல்லா வகுப்பிலும் நடக்கும். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி தாளம் மட்டும் போடவும் மறுபாதி சொல் மட்டும் சொல்லவும் விடுங்கள். தாளம் போடும் பாதி வாயைத் திறக்கவே கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளட்டும். கை மாறாமல் இருப்பதும் வாய் அதன்மேல் விரைந்து செல்வதும் இரண்டு தனி வேலைகள் என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிகிறது.

4. கார்வை (மூன்றாம் பாடவேளை)

இந்தப் பத்துப் பாடவேளைகளில் எதையேனும் நீட்டிக்க முடிந்தால் இதை நீட்டியுங்கள். கார்வை என்பது சொல் நிற்கும் இடம். தாளம் நிற்காத இடம். இதைத் தவறவிட்ட குழு வரையும் எந்தப் பட்டையும் பின்னால் சரிவராது.

எளிய பயிற்சி ஒன்றில் தொடங்கலாம். எட்டு எண்ணிக்கையில் ‘தா தொம்’ என்று இரண்டு எண்ணிக்கை, ஓர் எண்ணிக்கை மௌனம், மீண்டும் ‘தா தொம்’, ஒரு மௌனம், மீண்டும் ‘தா தொம்’. இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு – மொத்தம் எட்டு. கடைசித் ‘தொம்’ முடிந்ததும் அடுத்த தட்டு, அதாவது சமம், வந்து விழ வேண்டும்.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு ஒன்றில் இதைச் செய்தபோது முன்வரிசை மாணவர்கள் மூன்று முறையும் ஏழாவது எண்ணிக்கையிலேயே முடித்துவிட்டு, கையில் இன்னும் ஒரு வீச்சு மிச்சம் இருப்பதைப் பார்த்து விழித்தார்கள். பின்வரிசையில் ஒரு மாணவி மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாக முடித்தாள். அவளை அருகில் போய்க் கவனித்தேன். மௌனம் வரும் இடத்தில் அவளுடைய உதடுகள் மூடிக்கொண்டன, ஆனால் தாடை ஒருமுறை அசைந்தது. அவள் அந்த மௌனத்தையும் மனத்துக்குள் ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்கு அது வெற்றிடம். அதைத் தாண்டிக் குதித்தார்கள்.

அன்றிலிருந்து கார்வைக்கு ஒரு செயலைக் கொடுத்துவிடுகிறேன். சொல் வரும் இடத்தில் தொடையில் தட்டு. கார்வை வரும் இடத்தில் உள்ளங்கையை மேல்நோக்கித் திறத்தல். திறப்பதற்கும் தட்டுவதற்கு ஆகும் அதே நேரம் ஆக வேண்டும். இரண்டு நாளில் செயலை விட்டுவிடலாம். அளவு உடம்பில் தங்கிவிடும். பின்னால் பட்டையில் கார்வையை வெற்றுக் கட்டமாக விடாமல் ஒரு குறி போட்டே ஆக வேண்டும் என்று நான் வலியுறுத்துவதும் இதே காரணத்துக்காகத்தான்.

5. மூன்றும் நான்கும் சந்திக்கும் இடம் (நான்காம் பாடவேளை)

வகுப்பை இரண்டு அணிகளாக எதிரெதிரே அமர வையுங்கள். ஒன்று ‘தகிட’ என்றும் மற்றொன்று ‘தகதிமி’ என்றும் ஒரே வேகத்தில் திரும்பத் திரும்பச் சொல்லட்டும். இரு அணியும் தத்தம் ‘த’ வரும்போது மட்டும் கை தட்ட வேண்டும். முதல் அணி நான்கு முறையும் இரண்டாம் அணி மூன்று முறையும் சொல்லி முடித்தபின், பன்னிரண்டு மாத்திரை கடந்து, பதின்மூன்றாவதில் இரண்டு தட்டும் ஒன்றாக விழும்.

அந்த ஒன்றான தட்டு கேட்கும் கணத்தில் வகுப்பே சிரிக்கும். அங்கே நிறுத்தி, எத்தனை மாத்திரைக்கு ஒருமுறை சந்திக்கிறோம் என்று கேளுங்கள். அடுத்து நான்குக்கு எதிராக ஐந்தை, அதாவது ‘தகதகிட’வை வையுங்கள், சந்திப்பு இருபதில். பிறகு நான்குக்கு எதிராக ஆறை, ‘தகிட தகிட’ என்று சொல்லி முதல் ‘த’வில் மட்டும் தட்டும்படி வையுங்கள், சந்திப்பு மீண்டும் பன்னிரண்டில். இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதி, ஒரு மாணவரைத் தம் நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த பாடவேளைக்கு வேண்டும்.

எதிரணியின் ஒலி காதில் விழாமல் இருக்க உரக்கக் கத்துவது இங்கே வரும் பிழை. கத்தினால் மாத்திரை ஓடும். மெல்லப் பேசும் குரலில் சொல்லச் சொல்லுங்கள். எதிரணியைக் கேட்டுக்கொண்டே தன் சொல்லை விடாமல் இருப்பதுதான் பயிற்சி.

6. தரையில் கோலம் (ஐந்தாம் பாடவேளை)

நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலம் இங்கே வருவது அலங்காரத்துக்காக அன்று. கண்ணும் கையும் ஒரு விதியை விடாமல் பின்பற்றினால் வடிவம் தானாக வந்து சேரும் என்பதை மாணவர்கள் கையால் அறிய வேண்டும். பட்டை வரையும்போது அந்தக் கட்டுப்பாடு தேவைப்படும்.

ஒவ்வொரு குழுவும் மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு என்று 12 புள்ளிகள் வைக்கட்டும். புள்ளிக்குப் புள்ளி அரையடி இடைவெளி. விதி இரண்டே: பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கும் நடுவே கோடு சாய்வாகக் கடந்து செல்ல வேண்டும்; ஓரப் புள்ளியை அடைந்தால் அதை வளைத்துத் திரும்ப வேண்டும். சாக்பீஸைத் தரையிலிருந்து எடுக்கக் கூடாது.

சரியாக வரைந்தால் கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்போது எல்லாப் புள்ளிகளும் அதற்குள் அடங்கியிருக்கும். 3-க்கு 4 என்றால் ஒரே கோடு. இப்போது 4-க்கு 6 வைத்து வரையச் சொல்லுங்கள். கோடு பாதியிலேயே மூடிக்கொள்ளும். இன்னொரு நிறச் சாக்பீஸ் எடுத்து இரண்டாவது கோடு வரைய வேண்டியிருக்கும். 3-க்கு 3 என்றால் மூன்று கோடுகள். வரிசை எண், புள்ளி எண் இரண்டுக்கும் உள்ள மீப்பெரு பொதுவகுத்தி எதுவோ அத்தனை கோடுகள் வரும்.

நேற்றைய நோட்டை எடுக்கச் சொல்ல வேண்டிய தருணம் இது. 4-உம் 6-உம் பன்னிரண்டு மாத்திரையில் சந்தித்தன. 4-க்கு 6 கோலத்தில் 24 புள்ளிகள், 2 கோடுகள். 3-உம் 4-உம் பன்னிரண்டில் சந்தித்தன. 12 புள்ளிகள், 1 கோடு. சந்திக்கும் மாத்திரையைக் கோடுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் புள்ளிகளின் எண்ணிக்கை வருகிறது. 4-க்கு 5 வைத்தால் என்ன வரும் என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு வரைந்து பார்க்கட்டும். கணக்கு ஆசிரியரை அன்று அழைத்துக்கொண்டால் அவர் மகிழ்வார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தக் கணக்கு, எந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே கோடுகள் தவறாமல் வெட்டிக்கொள்ளும் கோலத்துக்கே பொருந்தும். வீட்டில் போடும் பல சிக்குக் கோலங்களில் அழகுக்காக இடையிடையே கோடு வெட்டாமல் திரும்பிவிடும். அங்கே எண்ணிக்கை மாறும். இடுக்குப் புள்ளிக் கோலத்துக்கும் இது பொருந்தாது.

பெரும்பாலான பிழை மூலைப் புள்ளியில் நிகழ்கிறது. ஒரு மாணவன் 3-க்கு 4-இல் மூலையைச் சுற்றாமல் அதற்கு முந்திய இடைவெளியிலேயே திரும்பிவிட்டான். மூலைப் புள்ளி வெளியே தனியாக நின்றது. அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கப் போனவனைத் தடுத்து, வந்த வழியே விரலால் பின்னோக்கித் தடவிப் போகச் சொன்னேன். ஐந்தாவது வெட்டில் விரல் நின்றது. ‘இங்கே நான் வளைந்துட்டேன் சார்’ என்றான். பிழையைத் தேடி இப்படிப் பின்னோக்கிப் போகும் பழக்கம் பட்டையைத் திருத்தும்போது அப்படியே கைகொடுக்கும். ஆகவே அழிப்பானையோ ஈரத் துணியோ கொடுக்கத் தாமதியுங்கள்.

கோலம் பெண்பிள்ளைகளின் வேலை என்று ஆண்பிள்ளைகள் சிலர் ஒதுங்குவார்கள். மாவைக் கொடுக்காமல் சாக்பீஸில் தொடங்கினால் அந்தத் தயக்கம் பெரிதும் குறைகிறது. சாக்பீஸில் எல்லாருக்கும் வந்த பிறகு, விருப்பமுள்ளவர்கள் கோலமாவில் இழுத்துப் பார்க்கட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மாவு சீராக ஒழுகுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், அதைத் தெரிந்த மாணவர்களே மற்றவர்களுக்குச் சொல்லித்தருவார்கள்.

7. ஒலிக்கு வடிவம் (ஆறாம் பாடவேளை)

ஒவ்வொரு குழுவும் மூன்று ஒலிகளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நான்காவது குறி கார்வைக்கு. வாளியின் நடுவில் உள்ளங்கையால் அடித்தால் ‘தொம்’; விளிம்பில் விரல் நுனியால் தட்டினால் ‘த’; கொட்டாங்கச்சி இரண்டும் மோதினால் ‘கி’ என்பதுபோல. மூன்றுக்கு மேல் வேண்டாம். ஐந்து ஒலிகள் எடுத்த குழு எதுவும் கடைசிப் பாடவேளையில் தடுமாறாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

வடிவத்தைப் பேசி முடிவு செய்ய விடாதீர்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள, ஒருவர் ஒலியை மூன்று முறை எழுப்பட்டும். கண் திறந்ததும் ஒரே இழுப்பில் கை போகிற போக்கில் நோட்டில் வரையட்டும். ஆறு பேரின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கொட்டாங்கச்சிக்குக் கூர்மையான வடிவங்களும் வாளியின் நடுவுக்கு உருண்டையான வடிவங்களும் மிகுந்திருக்கும். கூரிய ஓசையுள்ள பெயரைக் கூரிய வடிவத்தோடும் உருண்ட ஓசையுள்ள பெயரை உருண்ட வடிவத்தோடும் மனிதர்கள் இணைத்துக்கொள்வதை வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் 2001-இல் எழுதிய கட்டுரையில் விவரித்தார்கள். அவர்களது சோதனையில் தமிழ் பேசுபவர்களும் இருந்தார்கள். இப்படிப் பொதுவாக வந்த வடிவத்தைத் தேர்ந்துகொண்டால், பட்டையை வாசிக்கப்போகும் வேறு குழுவும் விளக்கம் இல்லாமலே பாதி ஊகித்துவிடும்.

வடிவங்கள் நிறத்தால் மட்டும் வேறுபடக் கூடாது. சிவப்பு வட்டம் ஓர் ஒலி, பச்சை வட்டம் வேறொலி என்று வைத்தால் நிறங்களைப் பிரித்தறிய இயலாத மாணவர் ஒருவர் வகுப்பில் இருந்தால் அவரால் வாசிக்கவே முடியாது; ஒளிநகல் எடுத்தாலும் வேறுபாடு மறைந்துவிடும். உருவம் ஒலியைச் சொல்லட்டும். அளவு வலுவைச் சொல்லட்டும். நிறம், வேண்டுமானால், யார் வாசிக்க வேண்டும் என்பதைச் சொல்லட்டும்.

கார்வைக் குறி மெல்லியதாக, ஆனால் கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும். வெற்று வட்டமோ அடியில் ஒரு சிறு கோடோ போதும்.

8. தீர்மானம் அமைத்தல் (ஏழாம் பாடவேளை)

ஒரு சொல்லை மூன்று முறை சொல்லிச் சமத்தில் வந்து சேர்வது தீர்மானம். சொல்லின் நீளத்தை மூன்றால் பெருக்கி, கார்வையின் நீளத்தை இரண்டால் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் மொத்த மாத்திரை. இந்த மொத்தம் 32-இல் அடங்க வேண்டும்.

முழு ஆவர்த்தனத்தையும் தீர்மானமே நிரப்ப வேண்டுமானால் 8 மாத்திரைச் சொல்லுக்கு 4 மாத்திரைக் கார்வை, 6-க்கு 7, 10-க்கு 1. முதல் முயற்சிக்கு 8-உம் 4-உம் நல்லது. மூன்றாம் பாடவேளையில் செய்த ‘தா தொம்’ பயிற்சியே நான்கு மடங்காகப் பெருகியது அது.

‘ததிகிணதொம்’ போன்ற ஐந்து மாத்திரைச் சொல்லை எடுக்கும் குழு திணறும். ஐந்தை மூன்றால் பெருக்கினால் 15. கார்வைகள் இரண்டும் சேர்ந்து எப்போதும் இரட்டைப்படை எண். ஆகவே மொத்தம் ஒருநாளும் 32 ஆகாது. விடையை நீங்களே சொல்லிவிடாமல் அவர்களைச் சற்றுத் திணற விடுங்கள். தீர்மானத்துக்கு முன்னால் வேறு சொல் சேர்த்துக்கொள்ளலாம் என்பதை யாரேனும் ஒருவர் கண்டுபிடிப்பார். ‘தகதகிட’ மூன்று முறை சொன்னால் 15, அதன்பின் ‘ததிகிணதொம்’ மூன்று முறை, இடையிடையே ஒரு மாத்திரைக் கார்வை என்றால் 17, மொத்தம் 32. ஏழு மாத்திரைக்கும் இப்படி உண்டு: ‘தகிட தகதிமி’ ஒருமுறை 7; பிறகு ஏழு மாத்திரைச் சொல் மூன்று முறை, இடையில் இரண்டிரண்டு மாத்திரைக் கார்வையோடு 25.

கணக்கு நோட்டில் எண்களாக முடித்ததும் உடனே எழுந்து நின்று சொல்லிப் பார்க்க வேண்டும். தாளில் 32 வந்தும் வாயில் வராவிட்டால், பெரும்பாலும் நெடிலை ஒரு மாத்திரையாக எண்ணியிருப்பார்கள். ‘தா’ எங்கெங்கே வருகிறது என்று முதலில் பாருங்கள். தொடர்ந்து நான்கு ஆவர்த்தனம் 32 விநாடியில் – ஓரிரு விநாடி முன்பின்னாக – சரியாக முடித்த குழுவுக்கே அடுத்த நாள் சார்ட் பட்டை.

9. பட்டை வரைதல் (எட்டாம், ஒன்பதாம் பாடவேளை)

71 செ.மீ. நீளப் பட்டையில் இடமும் வலமும் மூன்றரை செ.மீ. விட்டால், 2 செ.மீ. அகலமுள்ள 32 கட்டங்கள் சரியாகப் பொருந்தும். நான்கு கட்டத்துக்கு ஒருமுறை தடித்த கோடு. பதினாறாவது, இருபத்துநான்காவது கட்டங்களுக்குப் பின் இரட்டைக் கோடு. ஆதி தாளத்தின் நான்கு, இரண்டு, இரண்டு என்ற பிரிவு இப்போது கண்ணுக்குத் தெரியும். ஒலிக்கு ஒரு வரிசையாக மேலிருந்து கீழே மூன்று வரிசைகள் போட்டுக்கொள்ளலாம்.

கட்டங்களை எட்டெட்டாக மடித்து நான்கு வரியாக எழுத வேண்டாம். இடம் மிச்சமாகும் என்று ஒருமுறை அப்படிச் செய்ய விட்டேன். ஒவ்வொரு வரியின் கோடியிலும் வாசிப்பவரின் கண் அடுத்த வரிக்குத் தாவும் நேரம் ஒரு கார்வையாக மாறிவிட்டது. வரிக்கு வரி தாளம் நின்று நின்று போயிற்று. ஒரே நீளப் பட்டையில் அந்த இடர் இல்லை.

முதலில் பென்சில். எல்லா 32 கட்டங்களிலும் ஏதேனும் ஒரு குறி இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே மார்க்கர். நெடிலுக்கு இரண்டு கட்டம் நீளும் வடிவம் வேண்டும். முதல் கட்டத்தில் குறி போட்டு இரண்டாவதை வெறுமையாக விட்டால் வாசிப்பவர் தாவிவிடுவார். பின்னணி ஓவியம், ஓர அலங்காரம் ஆகியவற்றைக் கடைசி இருபது நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவை கட்டங்களுக்குள் நுழையக் கூடாது.

நன்றாக வரையும் மாணவரிடம் பேனாவையும் நன்றாகச் சொல்லும் மாணவரிடம் தாளத்தையும் குழுக்கள் தாமே ஒப்படைத்துவிடும். எட்டு எண்ணிக்கைகளையும் குழுவினருக்குள் பங்கிட்டு, அவரவர் எண்ணிக்கைக்குரிய நான்கு கட்டங்களை அவரவரே வரைய வேண்டும் என்று விதி வையுங்கள். வடிவங்கள் ஆளுக்கு ஆள் சற்று மாறியிருக்கும். அதனால் வாசிப்புக்குத் தடையில்லை.

10. கைமாற்றி வாசித்தல் (பத்தாம் பாடவேளை)

பட்டைகளை மாற்றிக் கொடுங்கள். குறிகளுக்கு உரிய ஒலிகளை மட்டும் வரைந்த குழு ஒருமுறை செய்து காட்டலாம். சொற்கட்டைச் சொல்லக் கூடாது. வாசிக்கும் குழுவுக்குப் பத்து நிமிடம் பயிற்சி. பிறகு ஒருவர் அடிக்கோலின் முனையைக் கட்டங்களின் மீது நகர்த்த, ஒருவர் தாளம் போட, மற்றவர்கள் நான்கு ஆவர்த்தனம் வாசிக்கட்டும். வரைந்த குழு பேசாமல் கேட்க வேண்டும். இதுதான் மிகக் கடினமான விதி. ‘அங்கே நிறுத்தணும்’ என்று கத்தாமல் இருப்பது அவர்களுக்குப் பெரும்பாடு.

வாசிப்பு தவறினால் குற்றம் யாருடையது என்று வகுப்பே ஆராயட்டும். தவறிய கட்டத்தைக் கண்டுபிடித்து, கோலத்தில் செய்தது போலப் பின்னோக்கிப் போய்ப் பார்க்கட்டும். ஒருமுறை, வாசித்த குழு தொடர்ந்து பத்தொன்பதாவது கட்டத்தில் தடுக்கியது. அருகில் போய்ப் பார்த்தால், அந்தக் கட்டத்தில் கார்வைக்குரிய சிறு வட்டத்தை வரைந்தவர் அழகுக்காக உள்ளே நிறம் நிரப்பியிருந்தார். அது ‘தொம்’ போலவே தெரிந்தது. குறியைத் திருத்தியதும் வாசிப்பு சரியாயிற்று. திருத்துவதற்கு அரைப் பாடவேளை ஒதுக்கி, இரண்டாம் முறை வாசிக்க வாய்ப்புக் கொடுங்கள்.

மதிப்பெண் கட்டாயம் என்றால் படத்தின் அழகுக்குத் தனி மதிப்பெண் வைக்க வேண்டாம். சமத்தில் வந்து சேர்ந்ததா, கார்வைகள் அளவு குறையாமல் நின்றனவா, வேறு குழு வாசிக்க முடிந்ததா என்ற மூன்றைப் பார்த்தால் போதும். மூன்றாவதற்கு இரண்டு குழுக்களுக்கும் சேர்த்தே மதிப்பெண் கொடுங்கள். அப்போதுதான் வாசிக்கும் குழுவும் முனைந்து முயலும்.

ஆண்டு விழாவிலோ கலைத் திருவிழாவிலோ மேடையேற்ற விரும்பினால், ஏழு பட்டைகளையும் ஒட்டி ஒரே நீளமாக்கி, ஏறத்தாழ நான்கரை மீட்டர் நீளமுள்ள அதை இருவர் பிடித்துக்கொள்ள, வகுப்பு முழுவதும் தொடர்ச்சியாக ஏழு ஆவர்த்தனம் வாசிக்கலாம். ஒரு பட்டை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் உள்ள ஓர இடைவெளிகளை வெட்டிவிட்டு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அங்கேயும் தாளம் நிற்கும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு பட்டையின் பின்புறமும் ஒலிகளின் விளக்கத்தையும் நிமிடத்துக்கு 60 என்ற வேகத்தையும் எழுதி, வரைந்த பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டி வையுங்கள். உட்பக்கமாகச் சுருட்டினால் அடுத்த ஆண்டு விரிக்கும்போது முனைகள் எழும்பி முதல் நான்கு கட்டங்களை மறைக்கும். அடுத்த ஆண்டு வகுப்புக்கு ஆறாம் பாடவேளையில் முதன்முதலாகக் காட்டுவதற்கு இந்தப் பட்டைகளே போதும்.